மருந்துச் சீட்டின் வரலாறு

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாலை, கணபதியில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார். வார்ப்படப் பட்டறை ஒன்றில் மோல்டிங் வேலை பார்ப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு கையில் மாத்திரை அட்டையும் மறு கையில் மூடியிட்ட சிறு டப்பாவும் இருந்தன.

"ஏனுங்க வாத்தியாரய்யா, கொழுப்புக்குன்னு டாக்டர் கொடுத்த மாத்திரைங்க இது. ஆறு மாசமா ஒண்ணுமில்லைங்க. இப்பப் பத்து நாளாத் தொடையெல்லாம் கடுக்குதுங்க. இங்கிலீசு மருந்து சூடுதானுங்களே! இந்த டப்பாவில இருக்கறது செடிப் பிசினுங்களாம். ஒரு கெடுதலும் பண்ணாதுன்னு சொல்றாங்க. மாத்திக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

வரலாறு கற்பித்தவனிடம் மருத்துவம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "நாளைக் காலையில் மருத்துவரிடம் போ, உன் வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன். நானும் ஆறு ஆண்டுகளாக அம்மாத்திரையை உண்பவன். ஆயினும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. செடிப் பிசின் கெடுதல் செய்யாது, ஆங்கில மருந்து சூடு என்னும் எண்ணம் நம் கொங்கு நாட்டில் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இவ்விரு வகை மருந்துகளும் எங்கிருந்து வந்தன, இவற்றின் குணமும் குற்றமும் எவ்வாறு அறியப்பட்டன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் கண்டவற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்லவே இப்பேச்சு. உங்கள் இல்லத்தில் பாட்டனாரோ தந்தையாரோ இம்மாத்திரையை உண்பவராக இருக்கலாம். அந்த அட்டையில் உள்ள சிற்றெழுத்தைப் படிக்க வல்லவர் அவ்வில்லத்தில் நீங்கள் ஒருவராகவே இருக்கவும் கூடும்.

முதலில் கொலஸ்டிரால் என்பது யாது எனக் காண்போம். அது நஞ்சு அன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் உறையிலும் அது இருக்கிறது. பித்தநீரும் சில சுரப்புகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. பித்தப்பைக் கற்களில் முதன்முதல் காணப்பட்டமையால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு வேதியியலார், பித்தம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். உணவிலிருந்து கிடைப்பது ஒரு பங்கே. பெரும்பங்கை நம் உடலே, சிறப்பாகக் கல்லீரல், செய்து கொள்கிறது. "நான் முட்டையைத் தொடுவதில்லையே, எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்போர்க்கு இதுவே விடை.

1913-ஆம் ஆண்டு, உருசிய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், அனிச்கோவ் என்னும் இளம் மருத்துவர் முயல்களுக்குக் கொலஸ்டிராலை உணவோடு ஊட்டினார். சில திங்களில் அவற்றின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் மஞ்சள் நிறப் படிவு தோன்றிற்று. மாரடைப்பால் இறந்த மனிதரின் குழாய்களில் காணப்படும் படிவை அஃது ஒத்திருந்தது. 'முயல் புல் தின்னும் பிராணி. அதற்கு நேர்வது மனிதனுக்கும் நேரும் என்பது என்ன உறுதி?' எனப் பலர் கேட்டனர். நேர்மையான கேள்விதான். அதற்கு மனிதரிடமிருந்து விடை கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின. 1948-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்சு மாநிலத்தில் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்து, நோயில்லாக் காலந்தொட்டே அவர்களை ஆண்டாண்டாக ஆராய்ந்து வந்தனர். இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவர், இரத்த அழுத்தம் மிகுந்தவர், புகை பிடிப்பவர் ஆகியோரை மாரடைப்பு மிகுதியாகத் தாக்குவதை 1960-களின் தொடக்கத்தில் அவ்வூர் உலகுக்குக் காட்டிற்று.

காரணம் தெரிந்தவுடன் மருந்து வேண்டும் என்னும் அவசரம் பிறந்தது. அந்த அவசரத்தின் விலையை நீங்கள் அறிய வேண்டும்.

1960-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மெரல் நிறுவனம், டிரைபரனால் என்னும் மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 'மெர் 29' என்பது அதன் வணிகப் பெயர். உடல் கொலஸ்டிராலைச் செய்யும் வேலை பல படிகளைக் கொண்டது. அதன் கடைசிப் படியை இம்மருந்து அடைத்தது. இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்தது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய படியில் உண்டாகும் டெஸ்மாஸ்டெரால் என்னும் பொருள் போக்கிடமின்றி உடலில் தேங்கிற்று. வாய்க்காலின் கடைமடையில் அணை போட்டால் மேல்வயல்களில் நீர் ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலட்சக்கணக்கானோர் அம்மருந்தை உண்டனர். சிலருக்கு முடி உதிர்ந்தது. தோல் செதிள் செதிளாயிற்று. நடுத்தர வயதினர் சிலரின் இரு கண்களிலும் புரை படர்ந்தது.

இதைவிடக் கொடியது ஒன்று பின்னரே வெளிப்பட்டது. விற்பனைக்கு முன் விலங்குகளிடம் நடத்திய சோதனைகளிலேயே தீய குறிகள் தென்பட்டிருந்தன; அவற்றை மறைத்தும் திருத்தியும் அரசுக்கு அறிக்கை தந்திருந்தனர். ஆய்வகத்தில் பணியாற்றிய ஒரு பெண், குரங்கு பற்றிய குறிப்பை மாற்றி எழுதுமாறு பணிக்கப்பட்டது பொறாமல் வேலையை விட்டு விலகியிருந்தார். அவர் கணவர் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் காரில் உடன் வந்தவர் ஒருவர், அமெரிக்க உணவு மருந்துத் துறையின் ஆய்வாளர்! பேச்சுவாக்கில் செய்தி வெளிவந்தது. ஆய்வாளர்கள் நிறுவனத்தில் புகுந்து மூலக் குறிப்பேடுகளைப் பார்த்தனர். 1962 ஏப்பிரலில் மருந்து சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. 1964-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 80,000 டாலர் அபராதம் விதித்தது. கண்ணிழந்தவர் கணக்கில் அது மிகச் சிறு தொகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதே நிறுவனந்தான் தாலிடமைடு என்னும் மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டிருந்தது; பிரான்சஸ் கெல்சி என்னும் அம்மையார் சான்று போதாது எனக் கூறி, இசைவு தராமல் நிறுத்தி வைத்திருந்தார். ஐரோப்பாவில் அம்மருந்தை உண்ட தாய்மார்க்கு அங்கக் குறையுடன் குழந்தைகள் பிறந்த கொடுமையை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். இவற்றின் பின்னரே, 1962 அக்டோபரில், மருந்து தீங்கற்றது என்பதோடு பயன் தருவது என்பதையும் சோதனையால் மெய்ப்பிக்க வேண்டும் என அமெரிக்கா சட்டம் செய்தது.

நம் நாட்டில், 1930-இல் அமைந்த கர்னல் சோப்ரா குழு, போலி மருந்துகளும் தரங்கெட்ட மருந்துகளும் நிறைந்திருந்த நிலையை ஆராய்ந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது. அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதற்கான விதிகளும் வந்தன. அவ்விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் அடங்கிய மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இன்றிக் கடையில் விற்றலாகாது. கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். பழைய சீட்டைக் காட்டியும், பக்கத்து வீட்டாரின் மாத்திரைப் பெயரைச் சொல்லியும் மருந்து வாங்கும் பழக்கம் நம்மிடை இன்னும் உள்ளதே என நினைக்கும்போது, விதி செய்வது எளிது எனத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது குளோபைபிரேட். எடின்பரோ, பிராகு, புடாபெஸ்டு ஆகிய மூன்று நகரங்களில் 15,000-க்கு மேற்பட்ட ஆடவரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதைச் சோதித்தனர். 1978-இல் முடிவு வெளியாயிற்று. கொலஸ்டிரால் குறைந்தது, உயிர் போக்காத மாரடைப்புகளும் குறைந்தன. ஆனால் மொத்தத்தில் இறந்தோர் தொகையோ, மருந்து உண்டவரிடையேதான் மிகுந்திருந்தது! இரத்தப் பரிசோதனைத் தாளில் எண் குறைந்தால் போதும் என எண்ணியிருந்த மருத்துவ உலகம் திகைத்தது. எண்ணைக் குறைப்பது வேறு, ஆயுளைக் கூட்டுவது வேறு என்பதை இச்சோதனை கற்பித்தது.

இனி என் மாணவரின் டப்பாவுக்கு வருவோம். அதில் இருந்தது குக்குலு. குசராத்திலும் இராசத்தானத்திலும் வறண்ட நிலங்களில் முள்ளோடு வளரும் குறுமரம் ஒன்றின் பிசின் அது. பட்டையைக் கீறினால் வடிந்து உறையும். சுசுருத சங்கிதையில், உடலில் கொழுப்பு மிகுந்து வழிகளை அடைப்பதால் வரும் நோய்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதற்குரிய மருந்துகளுள் குக்குலு கூறப்படுகிறது. இப்பகுதியைப் படித்த ஜி. வி. சத்தியவதி என்னும் இளம் மருத்துவப் பெண்மணிக்கு, இது மேலைநாட்டார் கூறும் இரத்தக் குழாய் அடைப்பை ஒத்திருக்கிறதே என்னும் எண்ணம் பிறந்தது. காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் அவர் அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அனிச்கோவ் செய்தது போலவே முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி, பின் குக்குலு கொடுத்துப் பார்த்தார். கொலஸ்டிரால் குறைந்தது. 1966-இல் அவ்வாய்வு நூல் நிறைவுற்றது. அப்பெருமாட்டியார் பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார்.

நம் பழஞ்சுவடியில் உள்ள ஒரு கருத்தை எடுத்து, அதை நம்புங்கள் என்று கூறாமல், சோதித்துப் பார்ப்போம் என்று அவர் முனைந்ததை நான் பெரிதும் போற்றுகிறேன். வகுப்பறையில் நான் பன்முறை சொல்லியிருக்கிறேன்: முன்னோரை மதிப்பதற்கு இதனினும் நல்ல வழி இல்லை. இலட்சுமணபுரியில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அப்பிசினின் சாற்றைத் தரப்படுத்திற்று. 1980-களின் பிற்பகுதியில் அது மருந்தாக விற்பனைக்கும் வந்தது. இந்தியாவில் நடந்த சோதனைகள் அது பயன் தருவதாகவே காட்டின. பெருமை கொள்ளத் தக்க வரலாறு.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தார் 103 பேரிடம் அதைச் சோதித்தனர். யாருக்கு மெய்ம்மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது உண்பவர்க்கும் கொடுப்பவர்க்கும் தெரியாத வகையில் எட்டு வாரங்கள் நடந்த சோதனை அது. தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல்., வெற்று மாத்திரை உண்டவரிடம் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தது. குக்குலு உண்டவரிடமோ 4 முதல் 5 பங்கு வரை ஏறிற்று. ஆறு பேருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. நம் நாட்டார் உணவும் உடலும் வேறு என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆயினும் ஸ்டாட்டின்களைப் போல, பல ஆயிரம் பேரிடம் பல ஆண்டுகள் நடந்து, மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறது எனக் காட்டிய சோதனை எதுவும் குக்குலுவுக்கு இல்லை. அன்றியும், இதய நோயாளர் உண்ணும் புரோப்ரனலால், டில்டியாசெம் போன்ற மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவை அது குறைப்பதாக 1990-களில் இந்திய ஆய்வாளரே கண்டனர். 'ஒரு கெடுதலும் பண்ணாது' என்னும் சொல் இங்கே நிற்கவில்லை. அம்மரமோ, அளவுக்கு மீறிக் கீறப்பட்டு, இன்று அழியும் நிலையில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது.

அப்படியானால் மறு கையில் இருந்த 'இங்கிலீசு மாத்திரை' எங்கே பிறந்தது? அது பிறந்தது இங்கிலாந்திலும் அன்று, அமெரிக்காவிலும் அன்று. சப்பான் நாட்டில், அரிசியில் பூத்த பூசணத்தில்!

அகிரா எண்டோ 1933-இல் வட சப்பானில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் பாட்டனாரோடு காட்டில் திரிந்து காளான்களை அறிந்தவர். ஒரு வகைக் காளான் ஈயைக் கொல்லும், மனிதனைக் கொல்லாது என்பது அவரை வியக்க வைத்தது. பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கின் வரலாறு அவரை ஈர்த்தது. தோக்கியோவில் சாங்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1960-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சிக்காக நியூயார்க்கு சென்றிருந்தபோது, மாரடைப்புற்ற முதியோரை ஏற்றிச் செல்ல ஆம்புலன்சு வண்டிகள் அடிக்கடி வருவதைக் கண்டார். திரும்பி வந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: பூஞ்சணம் தன் பகையை வெல்லப் பலவகைப் பொருள்களைச் சுரக்கிறதே, அவற்றுள் ஒன்று பகை உயிரின் கொலஸ்டிரால் போன்ற பொருளைத் தடுப்பதாக இருக்கக் கூடாதா?

1971 முதல் இரண்டு ஆண்டுகள், சுமார் 6,000 பூஞ்சணங்களை அவரும் அவர் துணைவரும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர். 6,000 என்று சொல்வது எளிது. நாளுக்குப் பத்து என்று எண்ணிப் பாருங்கள். 1973-இல், கியோட்டோவில் ஒரு தானியக் கடையில் எடுத்த அரிசியின் மேல் வளர்ந்த நீலப் பூசணத்தில் அப்பொருள் கிடைத்தது. காம்பேக்டின் எனப் பெயர் பெற்றது. மெர் 29 கடைசிப் படியை அடைத்தது அல்லவா? இதுவோ தொடக்கத்தில் உள்ள ஒரு நொதியையே தடுத்தது. ஆகவே நடுவில் எதுவும் தேங்கி நஞ்சாகவில்லை. வாய்க்காலின் தலைமடையைச் சற்றே தாழ்த்தியது போல.

எலிகளுக்குக் கொடுத்தார்கள், பயன் தெரியவில்லை. நிறுவனத்தார் கைவிட எண்ணினர். எண்டோவுக்கு மனம் வரவில்லை. முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி, எனவே முட்டையிடும் கோழியின் உடலிலும் அது மிகுதியாகச் செய்யப்பட வேண்டும் எனக் கருதி, 1976-இல் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தார். இரத்தத்தில் கொலஸ்டிரால் பாதியளவுக்குக் குறைந்தது. 1978-இல் ஓசாகாவில் பேராசிரியர் யமமோட்டோ, பிறவியிலேயே கொலஸ்டிரால் மிக மிகுந்த நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தார். எண் குறைந்தது, கூடவே தசைகள் வலுவிழந்தன. மருந்தை நிறுத்தினார், தசை தேறிற்று. அளவைக் குறைத்துத் தொடர்ந்தபோது தீங்கின்றிப் பயன் கிடைத்தது. மருந்து பிறந்த நாளிலேயே அதன் குணமும், குற்றமும், குற்றத்துக்குப் பரிகாரமும் இந்த ஒரு நோயாளியிடமே வெளிப்பட்டுவிட்டன.

1980-இல், நாய்களுக்கு மிக அதிக அளவு கொடுத்தபோது புற்றுநோய்க் குறி கண்டதாக ஐயம் எழவே, சாங்கியோ நிறுவனம் காம்பேக்டினை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் தான் கண்டறிந்திருந்த லோவாஸ்டாட்டினின் சோதனையை நிறுத்தி, மீண்டும் விலங்குகளிடம் ஆராய்ந்து ஐயம் தீர்ந்த பின்னரே தொடர்ந்தது. 1987 செப்டம்பரில் அது விற்பனைக்கு இசைவு பெற்றது. இதற்கிடையே, கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எவ்வாறு பற்றி எடுக்கிறது என்பதைக் கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். எண்டோவுக்கு அப்பரிசு கிட்டவில்லை. 2008-இல் லாஸ்கர் விருது பெற்றார். 2024 சூனில் தம் 90-ஆம் வயதில் மறைந்தார்.

எண்ணைக் குறைக்கும் மருந்து ஆயுளைக் காக்குமா என்னும் கேள்விக்கு 1994-இல் விடை கிடைத்தது. வட ஐரோப்பிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேருக்கு, பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். வெற்று மாத்திரை உண்டவருள் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டவருள் 182 பேர். இந்த 74 உயிர்களின் வேறுபாடுதான் இன்று உலகெங்கும் அம்மாத்திரை எழுதப்படுவதற்கு அடிப்படை.

இத்துணை நல்ல மருந்தாலும் மக்கள் மாண்டதுண்டு. 1997-இல் வந்த செரிவாஸ்டாட்டின் என்பது இவ்வினத்தில் மிக வலிமை வாய்ந்தது. உண்டவருள் சிலருக்குத் தசைகள் சிதைந்தன. சிதைந்த தசையின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்தன. 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் மட்டும் 31 மரணங்கள் கணக்கிடப்பட்டிருந்தன. அவர்களுள் 12 பேர், கொழுப்பைக் குறைக்கும் ஜெம்பைப்ரோசில் என்னும் மற்றொரு மருந்தையும் உடன் உண்டவர்கள். பிறருள் பலர் அதிக அளவில் உண்டவர்கள். ஒரு மருந்து மற்றொன்றை உடலிலிருந்து வெளியேற விடாமல் தடுத்தால், நீங்கள் விழுங்கியது ஒரு மாத்திரையாயினும் இரத்தத்தில் இருப்பது பல மாத்திரை.

பழக்கூட இவ்வேலையைச் செய்யும். 1989-இல் கனடாவில் பெய்லி என்னும் ஆய்வாளர், ஒரு சோதனையில் சாராயத்தின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப்புரூட் பழச்சாற்றைக் கலந்தார். இரத்த அழுத்த மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராத வகையில் உயர்ந்தது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை அச்சாறு முடக்குவது பின்னர்த் தெரிந்தது. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், ஓரளவுக்கு அடோர்வாஸ்டாட்டின் ஆகியவை அந்நொதியால் சிதைபவை. கிரேப்புரூட்டுக்கு நெருங்கிய உறவு நம் ஊர்ச் சந்தையில் விற்கும் பம்பளிமாசு. அதிலும் அப்பொருள் உண்டு. ஆரஞ்சுக்கு இக்குற்றம் இல்லை.

'அரிசியில் விளைந்த இயற்கைப் பொருள்தானே, அப்படியே உண்டால் என்ன?' என்று கேட்பவர்க்காக ஒரு செய்தி. அரிசியில் சிவப்புப் பூஞ்சணம் வளர்த்துச் செய்யும் பொருளைக் கீழை நாட்டார் நெடுங்காலமாக உணவில் சேர்ப்பர். அதில் இயல்பாகவே உள்ள மோனகோலின்-கே என்பதும் லோவாஸ்டாட்டினும் ஒன்றே. எண்டோவே 1979-இல் அதைப் பிரித்தெடுத்தார். 2024 மார்ச்சில் சப்பானில், கொலஸ்டிராலுக்கென விற்கப்பட்ட அச்சிவப்பரிசி மாத்திரைகளை உண்ட பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. பல நூறு பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர், மாண்டவரும் உண்டு. தயாரிக்குமிடத்தில் வேறொரு பூசணம் புகுந்து பியூபெருலிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது. இயற்கை, செயற்கை என்னும் பெயர்ப்பலகை அவர்களைக் காக்கவில்லை. எவ்வளவு, எதனோடு, யார் மேற்பார்வையில் என்பவற்றையே கேட்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த பின் என் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பு சாதாரணமாகத் தெரிந்த வரிகளின் பின்னே ஆட்களின் முகம் தெரிந்தது. 'தசை வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பானால் உடனே வரவும்' என்பது அந்த 31 பேர் விட்டுச் சென்ற வரி. 'வேறு மருந்து உண்டால் தெரிவிக்கவும்' என்பதும் அவர்களுடையதே. அளவைப் பற்றிய வரியிலும் ஒரு வரலாறு உண்டு. ரோசுவாஸ்டாட்டின், இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களின் இரத்தத்தில் வெள்ளையரைவிடச் சுமார் இரு மடங்கு சேர்கிறது என்று தெரிந்து, 2005-இல் அமெரிக்கத் துறை, அவர்க்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என அறிவித்தது. சிம்வாஸ்டாட்டினை 80 மில்லிகிராம் அளவில் புதிதாக யாருக்கும் தொடங்கலாகாது என 2011-இல் கூறிற்று. சிம்வாஸ்டாட்டினை இரவில் உண்ணச் சொல்வதற்குக் காரணம், கல்லீரல் இரவில்தான் மிகுதியாகக் கொலஸ்டிரால் செய்கிறது, அம்மருந்தோ விரைவில் கழிந்துவிடுகிறது என்பதே. அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நெடுநேரம் நிற்பன; எந்த வேளையாயினும், நாளும் ஒரே வேளையாக இருந்தால் போதும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்குதல் கூடாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரிடம் கேளாமல் தொடரக் கூடாது. தொடங்குமுன் கல்லீரல் சோதனை வேண்டும். சர்க்கரை சிறிது ஏறலாம் என்று 2012 முதல் அட்டைகளில் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக நிறுத்திவிடுவது மாரடைப்பை விலைக்கு வாங்குவதாகும் என்பது மருத்துவர் கருத்து.

தசை சிதையும் அளவுக்குத் தீங்கு நேர்வது, ஓராண்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. சாதாரணக் கடுப்பு என்பதோ பலர் கூறும் குறை. இலண்டனில் ஓர் அழகிய சோதனை செய்து 2020-இல் வெளியிட்டனர். பக்கவிளைவு எனக் கூறி ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமின்மை என மாற்றி மாற்றிக் கொடுத்தனர். மருந்தால் வந்ததாக அவர்கள் கூறிய தொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரையாலும் வந்தது! முடிவைக் காட்டியதும் அவர்களுள் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர். வலி பொய் என்பது இதன் பொருள் அன்று. வலி மெய், அதன் காரணத்தைத்தான் ஆராய வேண்டும்.

என் மாணவரின் தொடைவலி எவ்வகையைச் சேர்ந்தது? அவர் நான் சொன்னபடியே மறுநாள் ஒரு மஞ்சள் பையில் வீட்டு மருந்துகளை எல்லாம் அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் போனார். பிசின் டப்பாவை மருத்துவர் ஓரமாக வைத்துவிட்டு, பையின் அடியில் கிடந்த வேறோர் அட்டையைக் கையில் எடுத்தாராம். உலையின் வெக்கையிலும் வியர்வையிலும் நிற்பவருக்கு இடுப்பில் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கி, மூன்று வாரமாக நாள்தோறும் விழுங்கி வந்த இட்ரகனசோல் மாத்திரைகள் அவை. அடோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் அதே நொதியை முடக்கும் மருந்து அது. தோல் நோய்க்கும் நெஞ்சு நோய்க்கும் என்ன தொடர்பு என எண்ணி அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரத்தச் சோதனையில் தசைச் சிதைவைக் காட்டும் எண் சற்று ஏறியிருந்தது. படர்தாமரை மருந்து முடியும்வரை கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்தி, பின்னர் மீண்டும் தொடங்குமாறு மருத்துவர் பணித்தார். இத்தகைய தீங்குகளை நோயாளியே தெரிவிக்கவும் நம் நாட்டில் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று உண்டு. 1800-180-3024 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

தை பிறந்தபோது அவர் தம் மகளுடன் என்னைக் காண வந்தார். தொடை வலி இல்லை, மாத்திரையும் தொடர்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அப்பெண், வீட்டில் யார் எந்த மருந்தை, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து உண்கிறார் என ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்திருந்தாள். பாட்டியின் தைலம்வரை அதில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாவைத் திறந்து, "ஐயா, பம்பளிமாசையும் எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.